பக்கவாசலைப் பூட்டாதீர்கள், தந்தையே

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள எங்கள் பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் பக்கவாசல் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய தாளைப் பற்றித்தான் இந்த மடல். இனி கோயில் திருப்பலிக்கு அரை மணி நேரம் முன்பு திறக்கப்படும். திருப்பலி முடிந்த கால் மணி நேரத்தில் பூட்டப்படும். வாரநாள் காலைத் தமிழ்த் திருப்பலி நிறுத்தப்படுகிறது. ஆராதனைச் சிற்றாலயத்துக்கு எண் பூட்டு. அந்த எண் பங்கில் பதிவுபெற்ற குடும்பங்களுக்கு மட்டும். அந்தோணியார் சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றிப் போடக் கூடாது. இத்தனைக்கும் சேர்த்து ஒரே காரணத்தை மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள்: ஆலயத்தின் புனிதத்தைக் காக்க. அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களில் பாதிப் பேருக்கு நாங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

காசு போதவில்லை, காவலுக்கு ஆள் இல்லை, திருட்டுப் பயம் என்று எழுதியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அலுவலகத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். வாரநாளில் வந்துபோகிறவர்களால் கோயிலின் புனிதம் கெடுகிறது என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். அதை நான் எதிர்க்கிறேன். ஏனென்றால் அப்படி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேரவையில் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் அரசாங்க மருத்துவமனையில் தாதி. இரவு வேலை என்றால் ஒன்பது மணிக்கு ஏறி, காலை ஏழு மணிக்கு இறங்குவோம். வார்டில் யாராவது கண்மூடிய இரவுகளில் நேராக வீட்டுக்குப் போக மனம் வராது. கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவேன். பல வருடப் பழக்கம் இது. அந்த நேரத்தில் பக்கவாசல் வழியாக வருகிறவர்களின் முகமெல்லாம் எனக்குப் பழக்கம், பெயர் தெரியாவிட்டாலும்.

நாசி கண்டார் என்னும் கறிச்சோற்றுக் கடைத் தம்பி ஒருவர் வருவார். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். இரவு முழுக்க கறிச்சட்டிக்குப் பின்னால் நிற்கிறவர். வந்ததும் கெபிக்கு, அந்தக் குகை மாடத்துக்கு, பக்கத்திலிருக்கும் குழாயில் முழங்கை வரை கழுவுவார். மசாலா வாடை அப்படியும் போகாது, அது அவருக்கே தெரியும். கையை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை கழுவுவார். செருப்பை வாசலில் ஓரமாக, ஜோடியாக, முனை வெளியே பார்க்கும்படி வைப்பார். மெத்தை போட்ட முழந்தாள் பலகை இருக்க, வெறும் தரையில்தான் முழந்தாள்படியிடுவார். ஏன் தம்பி என்று ஒரு நாள் கேட்டேன். "சட்டையெல்லாம் எண்ணெய்க்கா, பலகை கறையாயிடும்" என்றார். நெற்றியில், மார்பில், தோளில் சிலுவை வரைந்து, நற்கருணைப் பேழையைப் பார்த்தபடி நான்கைந்து நிமிடம். பிறகு எழுந்து, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து, வாசல் நிலையைத் தொட்டு முத்தியிட்டுவிட்டுப் போவார். இவரிடமிருந்தா கோயிலின் புனிதத்தைக் காக்க வேண்டும்?

அவர் ஏன் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்று பேரவையில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். ஞாயிறுதான் அந்தக் கடைக்குத் திருவிழா. முடிதிருத்தும் கடைத் தம்பிகளுக்கும் அப்படித்தான். பினாங்குத் தமிழர் பாதிப் பேர் முடிவெட்டப் போவதே ஞாயிறு காலையில்தானே. ஞாயிறு திருப்பலி முடிந்து நாம் குடும்பத்தோடு போய் உட்காரும் கடைகளில் தட்டு வைக்கிற கைகள் அவை. நமக்குப் பரிமாறுவதால் ஞாயிறைத் தொலைத்தவர்களுக்கு ஒரு செவ்வாயோ ஒரு புதனோதான் ஞாயிறு. அதையும் பூட்டிவிட்டால் அவர்கள் எங்கே போவது?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். விடிவதற்கு முன்பே ஃபேக்டரி பஸ் வந்துவிடும். அதற்கு முன்னால் இருட்டில் வந்து, வேளாங்கண்ணி மாதா பாதத்தில் கைவைத்துவிட்டு ஓடுகிறவர்கள். பஸ்ஸுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டு போவதாக ஒரு அக்கா சொன்னார். ஐந்து பத்துமணிச் செபமும் முடிவதற்குள் ஃபேக்டரி வாசல் வந்துவிடுமாம், மிச்சத்தை ஓய்வு நேரத்தில் கழிப்பறை வரிசையில் நின்று சொல்வாராம். இறைப்பற்று என்றால் என்ன என்று ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்குகிறோம். பிள்ளைகளை ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்குப் பக்கவாசலுக்குக் கூட்டி வந்திருக்கலாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்போம். நற்கருணை வாங்கித் திரும்பும்போதே கைப்பேசியை எடுப்பவர்கள் உண்டு. போன புதுநன்மை நாளில் பீடத்தின் படிவரை ஏறி வீடியோ எடுத்தவர்கள் உண்டு. மன்றாட்டு வேளையில் பார்க்கிங் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகக் கோயிலை யாரும் பூட்டவில்லை, பூட்டச் சொல்லி நானும் கேட்கமாட்டேன். ஒரு அறிவிப்புக்கூட ஒட்டவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

செருப்பு விஷயம் என்னை உண்மையிலேயே வருத்தியது. வாசலில் செருப்புக் கிடப்பது பார்க்க அசிங்கமாக இருக்கிறது, கோயில் போல இல்லை என்றார் ஒருவர். எரியும் முட்புதர் முன்னால் மோசேக்கு வந்த கட்டளை என்ன? உன் மிதியடியைக் கழற்று, நீ நிற்கும் இடம் புனித நிலம் என்பதுதானே? அதை இன்னும் கைவிடாதவர்கள் நம் பங்கில் இவர்கள்தான். அவர்களுக்கு ஒரு செருப்பு அலமாரி வாங்கிப் போடுவதற்குப் பதிலாகத் தடை போட்டிருக்கிறோம்.

தாளில் எழுதாமல் பேச்சில் நீங்கள் சொன்ன மற்ற காரணங்களுக்கு வருகிறேன். உண்டியல் உடைக்கப்பட்டது, உண்மை. இரவில் உண்டியலை உள்ளே எடுத்து வைத்தால் தீர்ந்தது, கேமரா ஏற்கெனவே இருக்கிறது. மின்கட்டணம் ஏறிவிட்டது, குளிர்சாதனம் யாருக்கு வேண்டும், சன்னலைத் திறந்தால் போதும். மெழுகு தரையில் சொட்டுகிறது. தட்டு வைக்கலாம், சுரண்ட நாங்கள் வருகிறோம். வீடில்லாத ஒருவர் கடைசி வரிசையில் படுத்துக் குறட்டை விட்டார் என்ற புகாரையும் கேட்டேன். ஞாயிறு மறையுரையின்போது முதல் வரிசையிலும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது, தந்தையே; நீங்கள் பெருந்தன்மையோடு தொடர்ந்தீர்கள்.

வீட்டிலிருந்து செபிக்கலாமே, ஆண்டவரே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செபிக்கச் சொன்னாரே என்று பேரவை உறுப்பினர் ஒருவர் மத்தேயு ஆறாம் அதிகாரத்தை என்னிடம் எடுத்துக் காட்டினார். கடைக்கு மேல்மாடியில் இரண்டடுக்குக் கட்டில் போட்டுப் பத்துப் பேர் படுக்கிற அறையில் உள்ளறை எது? ஒருவர் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது இன்னொருவர் அதே மெத்தையில் சாய்கிறார். அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவில் இருக்கும் பாட்டிக்கு உள்ளறை எது? இவர்களுக்குக் கோயில்தான் உள்ளறையாக இருந்தது.

நேரலை இருக்கிறதே என்பது இன்னொரு பதில். 18 மார்ச் 2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாங்கள் எல்லோரும் நேரலைக்கு நன்றி சொன்னவர்கள்தான். நான் அப்போது மருத்துவமனையில் முழுக் கவச உடையில் நின்றவள். கோயில் மூடியிருந்ததன் நியாயம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் பூட்டிய பூட்டு நமக்கு ஒரு வசதியைக் காட்டிக் கொடுத்துவிட்டது. ஆள் வராத கோயில் சுத்தமாக இருக்கும், பராமரிப்புச் செலவு குறையும், பதிவு செய்தவர் யார், செய்யாதவர் யார் என்பது பட்டியலில் தெளிவாகத் தெரியும். நோய் போன பிறகும் அந்த வசதி நம்மை விட்டுப் போகவில்லை. நீங்கள் ஒட்டிய தாளில் எனக்குத் தெரிந்தது அதுதான்.

திருச்சபையின் சட்டம் இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 937-ஆம் சட்டம், கடுமையான காரணம் இருந்தாலொழிய, நற்கருணை வைக்கப்பட்டிருக்கும் கோயில் தினமும் சில மணி நேரமாவது மக்கள் செபிப்பதற்காகத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. பெருந்தொற்று கடுமையான காரணம். உடைந்த உண்டியல் அந்தக் கணக்கில் வராது. நீங்கள் போட்டிருக்கும் நேரப்படி, திருப்பலியே இல்லாத திங்கட்கிழமை முழுநாளும் பூட்டு. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்ற ஊக்கவுரையின் 47-ஆம் பத்தியில், கடவுளைத் தேடி வருகிற ஒருவர் மூடிய கதவைக் காணக் கூடாது, கோயில் கதவுகள் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதினார். அவர் உருவகமாகச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. கதவு என்று கதவையேதான் சொன்னார். இன்னொன்று: 536-ஆம் சட்டப்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு. ஆகவே, பேரவை முடிவு செய்துவிட்டது, நான் என்ன செய்ய என்று நீங்கள் சொல்ல முடியாது, தந்தையே. முடிவு உங்களுடையது. ஆன்மிகத் தேவைகளை மேய்ப்பர்களிடம் எடுத்துச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு என்பது 212-ஆம் சட்டம். இந்த மடலைக் கலகம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த எண்ணைக் காட்டுங்கள்.

மறைச்சாட்சி தேவசகாயத்தை 15 மே 2022 அன்று திருத்தந்தை புனிதராக அறிவித்தபோது நம் மண்டபத்தில் எவ்வளவு ஆடம்பரம்! குருவும் அல்ல, துறவியும் அல்ல, குடும்பஸ்தர், நம்மவர், தமிழ் மண்ணின் பொதுநிலையினர் என்று மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினோம். அதே ஆட்களில் ஒருவர் இப்போது என்னிடம் கேட்கிறார்: தேவசகாயத்துக்குக் கோயிலா இருந்தது, விலங்கு மாட்டிக்கொண்டே செபிக்கவில்லையா? செபித்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, ஏழு வருடம்கூட நிறைவாக வாழவிடாமல், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை செபித்தார். அவரைப் பூட்டியது திருவிதாங்கூர் அரசு. எங்களைப் பூட்டி வெளியே நிறுத்துவது யார்?

என் பாட்டி அந்தக் காலத்து வெல்லஸ்லி மாகாணத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்வெட்டியவர். மாதத்துக்கு ஒரு முறை சாமியார் வந்தால் பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கோடியில் தகரக்கூரை போட்ட சின்னக் கோயில். அதன் சாவி உபதேசியார் வீட்டு வாசல்நிலையில் ஒரு ஆணியில் தொங்குமாம். பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் முன் யார் வேண்டுமானாலும் எடுத்துத் திறந்து கும்பிட்டுவிட்டு, திரும்ப மாட்டிவிட்டுப் போகலாம். சாராயம் குடித்துவிட்டு வருகிறவன்கூட அந்தச் சாவியை எடுக்கும் முன் வாய் கொப்பளிப்பான் என்று பாட்டி சொல்வார். சாமியார் இல்லாத அந்த இருபத்தொன்பது நாளில்தான் அவர்கள் விசுவாசம் காப்பாற்றப்பட்டது. அங்கிருந்து வந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று நம் பேரவை நாற்காலிகளில் பாதியை நிரப்பியிருக்கிறோம். தோட்டத்துச் சனம் என்று மற்றவர்கள் நம்மைப் பார்த்து முகம் சுளித்த காலமும் நமக்கு மறந்திருக்காது.

புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஒவ்வொரு ஜூலையும் நாம் பேருந்து எடுத்துப் போகிறோம். அங்கே தமிழர், சீனர், யூரேசியர், இந்தோனேசியத் தொழிலாளி, ஏன், கிறிஸ்தவர் அல்லாதவர்கள்கூட வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். உன் குடும்ப அட்டை எண் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பார்த்துப் பூரித்துவிட்டு வருகிற நாம், நம் வாசலில் எண் பூட்டு மாட்டுவது எப்படி?

என் கோரிக்கைகள் இவை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

பக்கவாசலைத் திங்கள் உட்பட எல்லா நாளும் காலை 5.30 முதல் 8.30 வரையும் மாலை 5 முதல் இரவு 9.30 வரையும் திறந்து வையுங்கள். காலை நேரம் ஃபேக்டரி பஸ்ஸுக்காகவும் இரவு வேலை முடிகிறவர்களுக்காகவும். மாலை நேரம் பன்னிரண்டு மணி ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவர்களுக்காக. இந்த நேரத்தைக் குறைப்பதானால் யாரை விலக்குகிறீர்கள் என்பதைச் சொல்லிக் குறையுங்கள்.

ஆராதனைச் சிற்றாலயத்தின் எண் பூட்டை அந்த நேரங்களில் நீக்குங்கள். பூட்டு வேண்டும் என்றே நினைத்தால், எண்ணைக் கேட்கிற எவருக்கும், அட்டை இருக்கிறதா, பெர்மிட் இருக்கிறதா என்று பார்க்காமல் அலுவலகம் கொடுக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு நாளாவது தமிழ்த் திருப்பலி வேண்டும். காலையில் முடியாதென்றால் இரவு எட்டரைக்கு வையுங்கள். செவ்வாயாக இருந்தால் அந்தோணியார் நவநாளையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் திருப்பலி நிறைவேற்றக்கூடிய குருக்கள் குறைவு என்பதும், உங்களுக்கு வேலை அதிகம் என்பதும் தெரியும். குரு வர இயலாத வாரத்தில் இறைவார்த்தை வழிபாட்டை நடத்தப் பயிற்சி பெற்றவர்கள் நம் அன்பியங்களில், அக்கம்பக்கச் செபக் குழுக்களில், இருக்கிறார்கள்.

மெழுகுவர்த்தித் தட்டையும் ஒரு செருப்பு அலமாரியையும் வாசலில் வையுங்கள். அலமாரிக்கு ஆகும் காசை நாங்கள் சேர்த்துத் தருகிறோம்.

அந்தத் தாளைக் கழற்றுங்கள். புதிய நேரங்களைத் தமிழ், மலாய், மாண்டரின், ஆங்கிலம் என நான்கு மொழியிலும் ஒட்டுங்கள். புனிதத்தைக் காக்க என்ற வரியை மீட்டுக்கொள்வதாக ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும். படித்துப் புரிந்துகொண்டு தலைகுனிந்து திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இதைப் பேச ஒரு கூட்டம் கூட்டுங்கள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் வேண்டாம், பாதிக்கப்பட்டவர்கள் அப்போது வர முடியாது. ஒரு வாரநாள் இரவு ஒன்பதரைக்கு மேல் வையுங்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் சிலர் முறைவைத்துக் கோயிலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் பெயர்ப் பட்டியலை அலுவலகத்தில் கொடுத்துப் பல வாரமாகியும் ஒரு பதிலும் இல்லை. அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், தந்தையே. சாவியை யாரிடம், எந்த நாளில் ஒப்படைப்பீர்கள் என்று சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த தாதி ஒருத்தி,
பக்கவாசல் வழியாக வருகிறவர்களோடு சேர்ந்து